மஞ்சள் சட்டைக்கு இடமில்லை

காலை ஆறரை மணி. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குள் போகும் வேனில் ஏறப்போன என்னைப் பெரியவர் ஒருவர் கை நீட்டி நிறுத்தினார். மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தச் சட்டையோட உள்ள வர முடியாதுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுமதி அட்டை கழுத்தில் தொங்குகிறது. முன்தினம் போனில் சொன்னபடி ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருக்கிறது. "சட்டைக்கு என்னங்க?"

"மஞ்சளா இருக்கே."

வேனுக்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. தடத்தை ஒட்டி நிற்கிற ஆள் மஞ்சளிலோ சிவப்பிலோ உடுத்தியிருந்தால், கார் ஓட்டி வருகிறவனின் ஓரக்கண்ணில் அது கொடியாகத்தான் படும் என்றார். காலைத் தூக்குவான். பின்னால் வருகிறவன் தூக்க மாட்டான். "அதுகூடப் பரவாயில்லைங்க. நாலு சுத்து பார்த்துட்டு, 'ஓ, இது அந்தாளு சட்டை'ன்னு பழகிடுவான் பாருங்க, அதுதான் ஆபத்து. அஞ்சாவது சுத்துல நாங்க நிஜக் கொடியை ஆட்டினாலும் சட்டைன்னே நினைச்சுப்பான்." தன் பையிலிருந்து வெளுத்துப்போன சாம்பல் நிற டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்துருண்டை வாசம் அடித்தது. அன்று முழுக்க அதில்தான் இருந்தேன்.

கொடி என்றால் நமக்குக் கட்சிதான் ஞாபகம் வரும். இரண்டு நிறத்தை அருகருகே வைத்தாலே என்ன கூட்டணி என்று யோசிக்கிற ஊர்க்காரன் நான். பந்தயக் கொடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் முடிந்துவிடும் என்றே நினைத்தேன். சிவப்பு என்றால் நிறுத்து, பச்சை என்றால் போ. அதில் என்ன இருக்கிறது? சட்டையைக் கழற்றிய பிறகுதான் இது வேறு மொழி என்று உறைத்தது.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். கார் தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் போகிற சாலையை விட்டுச் சற்று விலகினால் இந்தத் தடம். நீளம் 3.7 கி.மீ., வளைவுகள் 12. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. இந்தத் தடம் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் இவர்களுடைய பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. 1990-இல் இங்கே வந்தார்கள். பெரியவர் சோழவரத்தைச் சிறுவனாகப் பார்த்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பந்தய நாட்களில் மட்டும் நான் போகிற வளைவின் போஸ்ட் சீஃப்.

போஸ்ட் என்பது கூரை போட்ட சின்ன மேடை. முன்னால் டயர் அடுக்கும் இரும்புத் தடுப்பும். தடுப்பில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி. தீயணைப்பான்கள், இரண்டு விளக்குமாறு, தரையில் எண்ணெய் சிந்தினால் கொட்டுவதற்கு மூட்டையில் பொடி, ஒரு வாக்கி-டாக்கி. பிறகு அந்தக் கொடிப் பை.

பையைப் பிரித்தது ஒரு பொறியியல் மாணவி. மூன்றாவது ஆண்டாக வருகிறாளாம். கொடிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்தாள். மஞ்சள் இரண்டு. நீலம், பச்சை, வெள்ளை ஒவ்வொன்று. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் போட்ட ஒன்று, ஆடி மாதத்து அம்மன் கோயில் வாசலிலிருந்து கழற்றி வந்தது போலவே இருந்தது. கடைசியாக, மற்றவற்றைவிடப் பெரிய சிவப்பு. சாதாரணக் கொடி குறைந்தது 60-க்கு 80 செ.மீ. இருக்க வேண்டும், சிவப்பு 80-க்கு 100 என்பது உலக மோட்டார் சங்கமான எஃப்.ஐ.ஏ.வின் விதி. நீலம் எந்த நீலம், பச்சை எந்தப் பச்சை என்பதற்குக்கூட அச்சகக்காரர்கள் வைத்திருப்பது போன்ற வண்ண எண் உண்டு.

ஏழு கொடிகளையும் பார்த்துவிட்டு, "கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது எங்கே?" என்று கேட்டேன்.

"அது நம்ம பையில வராது சார்" என்றாள்.

அடுத்து நான் கவனித்தது அவர்கள் நின்ற விதம். மஞ்சளைக் கையில் வைத்திருந்தவள் கார்கள் வரும் திசைக்கு முதுகைக் காட்டி, அடுத்த போஸ்ட் இருக்கிற பக்கமாகப் பார்த்து நின்றாள். நீலத்தை வைத்திருந்த இளைஞர், பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவர், நேர் எதிராக, வருகிற கார்களைப் பார்த்து நின்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நூற்றைம்பது கி.மீ. வேகத்தில் பின்னால் கார் வரும்போது யாராவது முதுகைக் காட்டி நிற்பார்களா?

"எங்க கார் கவிழுதுன்னு பார்க்கறது என் வேலை. அது எனக்கு முன்னாலதான் நடக்கும். பின்னால என்ன வருதுன்னு அண்ணன் பார்த்துக்குவாரு" என்றாள்.

"ஏதாவது என் பக்கமா பறந்து வந்துச்சுன்னா இவ காலரைப் புடிச்சு இழுத்துருவேன் சார்" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, பயிற்சியிலேயே சொல்லித்தருவதாம். மஞ்சள் பிடிப்பவரின் முதுகு நீலம் பிடிப்பவரின் பொறுப்பு.

மஞ்சள் கொடிக்குப் பெரியவர் சொன்ன விளக்கத்தை எந்த விதிப் புத்தகத்திலும் காண முடியாது. "ராத்திரியில நெடுஞ்சாலையில லாரி அச்சு முறிஞ்சு நின்னா என்ன பண்றாங்க? வேப்பங்கிளையை ஒடிச்சு முப்பது அடி பின்னால போட்டு வைப்பாங்கல்ல? அதுதாங்க மஞ்சள். முன்னால ஒண்ணு நிக்குது, ஆள் கீழ படுத்து வேலை பார்க்கறான், பார்த்து வா."

ஒரு மஞ்சள் கொடி ஆடினால், ஆபத்து தடத்தின் ஓரத்திலோ கொஞ்சம் உள்ளேயோ இருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறை, முந்தாதே, பாதை மாற்றத் தயாராக இரு. இரண்டு மஞ்சள் சேர்ந்து ஆடினால், தடம் அடைபட்டிருக்கிறது அல்லது தடத்தின் மேலோ பக்கத்திலோ மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வேகத்தை வெகுவாகக் குறை, நிறுத்தவும் தயாராக இரு. அந்த இடத்தைத் தாண்டி அடுத்த போஸ்டில் பச்சை தெரிந்தால்தான் மறுபடி பந்தயம். ஆகவே இங்கே பச்சை என்பது நம் தெரு முனை சிக்னலின் 'போ' இல்லை. 'இனி வழி சுத்தம்.'

அன்று ஆடிக்காற்று. அம்மியையே நகர்த்தும் காற்றில் கொடி சும்மா இருக்குமா? சில கொடிகளை ஆட்டாமல் அசையாமல் காட்ட வேண்டும் என்பது விதி. அந்தக் காற்றில் அசையாத கொடி ஏது? துணியின் கீழ் முனையை மறு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடவலமாக வீசினால் துணி கழியில் சுற்றிக்கொள்ளும். எட்டு எண்ணைப் படுக்கவைத்து எழுதுவதுபோல் சுழற்ற வேண்டும். என்னிடம் ஒரு மஞ்சளைக் கொடுத்து, தடத்தில் கார் இல்லாத நேரத்தில், தடுப்புக்குக் கீழே குனிந்து செய்யச் சொன்னாள். இருபது சுழற்றலில் தோள் கடுத்தது. "ஒரு கார் கிரேன்ல தூக்கற வரைக்கும் சார், சில சமயம் பத்து நிமிஷம்" என்றாள்.

பதினோரு மணிப் பந்தயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மோர் குடித்தோம்.

மதியம் எல்.ஜி.பி. ஃபார்முலா கார்கள். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள், உள்ளே மாருதி ஸ்விஃப்டின் 1300 சி.சி. எஞ்சின். ஆறாவது சுற்று என்று ஞாபகம். இரண்டு கார்கள் ஒரே வளைவுக்குள் ஒன்றாக நுழைந்தன. சக்கரம் சக்கரத்தில் உரசியது. ஒன்று பம்பரமாகச் சுற்றி, மூக்கை ஜல்லியில் செருகிக்கொண்டு, பின்பாதி தடத்தில் நீட்டியபடி நின்றது. இதை நான் எழுதுகிற வேகத்தில் அது நடக்கவில்லை. 'உரசுகிறதே' என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் கையில் மஞ்சள் மேலே போயிருந்தது. அடுத்த நொடி பெரியவர் இரண்டாவது மஞ்சளை எடுத்துக்கொண்டார். வாக்கி-டாக்கியில் போஸ்ட் எண், கார் எண், எங்கே நிற்கிறது, அவ்வளவுதான். ஆரஞ்சு உடையில் இருவர் தடுப்பின் இடைவெளி வழியாக உள்ளே இறங்கினார்கள்.

அந்த இருவரும் காரை நோக்கி ஓடியபோதுதான் கொடி எதற்காக என்பது எனக்குப் பிடிபட்டது. அவர்களுக்கும் வருகிற கார்களுக்கும் நடுவில் சுவர் இல்லை, கயிறு இல்லை. ஒரு கல்லூரிப் பெண்ணும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் ஆட்டுகிற இரண்டு துண்டுத் துணி மட்டும்தான்.

"சத்தத்தைக் கேளுங்க" என்றார் பெரியவர், கையை நிறுத்தாமல்.

முதல் கார் வந்தது. எஞ்சின் சத்தம் வளைவுக்கு முன்பே இறங்கியது. காலை எடுத்துவிட்டான். இரண்டாவது, மூன்றாவது, அதேபோல. சங்கீதம் தெரிந்தவர் என்றால் எத்தனை சுரம் இறங்கியது என்றே சொல்லிவிடுவார். நான்காவது கார் இறங்கவே இல்லை. அதே உச்ச ஓலத்தில் எங்களைக் கடந்து, ஜல்லியில் நின்றிருந்த இருவரின் பக்கமாகப் போய் மறைந்தது. மணிக்கு 150 கி.மீ. என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். கிட்டத்தட்ட நாலு மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். பெரியவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தக் காரின் எண்ணை மட்டும் பந்தயக் கட்டுப்பாட்டு அறையான கன்ட்ரோலுக்குச் சொன்னார். "தண்டனை அவங்க பார்த்துப்பாங்க. நாம சொல்றதோட சரி."

ஓட்டுநர் தானாகவே இறங்கி நடந்து வந்தார். காரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அடுத்த போஸ்டில் பச்சை ஆடியது தூரத்தில் தெரிந்தது. அவள் மஞ்சளை இறக்கி, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

இரட்டை மஞ்சள் ஆடியும் போதாமல் போன நாள் ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகாவில் ஃபார்முலா 1 பந்தயம். மழை. ஆட்ரியன் சுட்டிலின் கார் சறுக்கித் தடுப்பில் மோதி நிற்க, அதைத் தூக்க ஒரு கிரேன் வண்டி உள்ளே வந்தது. இரட்டை மஞ்சள் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல் பியாங்கியின் காரும் சறுக்கி, நேராக அந்த கிரேனில் மோதியது. நினைவு திரும்பாமலே ஒன்பது மாதம் இருந்து, 2015 ஜூலையில் இறந்தார். விசாரணைக் குழு, அவர் வேகத்தைப் போதிய அளவு குறைக்கவில்லை என்று எழுதியது. அந்த வரி அநியாயமானது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் இரண்டு பக்கமும் புரிகிறது: 'வெகுவாகக் குறை' என்றால் எவ்வளவு என்று கொடியில் எழுதியிருக்காது, பக்கத்துக் கார்க்காரன் பத்து குறைத்தால் இவன் பன்னிரண்டு குறைத்துத் தோற்க விரும்புவானா? அதனால்தான் 2015 முதல் ஃபார்முலா 1-இல் 'வெர்ச்சுவல் சேஃப்டி கார்' என்ற முறை வந்தது. எல்லோரும் ஒரே கணக்கில் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும், எவ்வளவு என்று கார்த் திரையே காட்டும்.

மார்ஷல்கள் என்கிற தட ஊழியர்கள் மறக்காத இன்னொரு நாள், 1977 மார்ச் 5, தென் ஆப்பிரிக்காவின் கயலாமி. தடத்தின் மறுபக்கம் தீப்பிடித்து நின்ற காரை நோக்கி, தீயணைப்பானைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடினார் 19 வயது மார்ஷல் ஒருவர். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஓட்டுநர் டாம் பிரைஸுக்கு அவர் தெரிய வழியே இல்லை. இருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். பயிற்சியில் முதல் பாடமாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்களாம்: கொடி ஏறாமல் கால் இறங்கக் கூடாது.

நீலக் கொடியின் கதை வேறு. அது ஆபத்துக்கு அல்ல, மரியாதைக்கு. ஒரு சுற்று முன்னால் இருப்பவன் உன் பின்னால் வந்துவிட்டான், வழி விடு. கல்யாணப் பந்தியில் 'கொஞ்சம் நகருங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க' என்பது மாதிரி. நகர்கிறவனுக்கு உள்ளூர எரியும். ஃபார்முலா 1-இல் நீலத்தை மதிக்காமல் போய்க்கொண்டிருந்தால் தண்டனை. வழிவிடும் தகராறில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனே மாட்டியிருக்கிறார். 2005-இல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர். 2012 மலேசியப் பந்தயத்தில் ஹெச்.ஆர்.டி. அணியின் மெதுவான காரில் இருந்த அவரைச் செபாஸ்டியன் வெட்டல் தாண்டும்போது இரண்டும் உரசி, வெட்டலின் டயர் கிழிந்தது. வெட்டல் புள்ளி இல்லாமல் பதினோராவதாக முடித்து, நரேனைக் கண்டபடி ஏசினார். நரேனுக்கு 20 வினாடி தண்டனை. எங்கள் போஸ்டில் இந்தப் பேச்சை எடுத்ததும் நீலக்கொடி இளைஞர், தாண்டியவர் கொஞ்சம் பொறுத்து வளைத்திருக்கலாம் என்று வாதாடத் தொடங்கிவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஆன வழக்கு. இங்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மற்ற கொடிகள் அன்று அதிகம் வெளியே வரவில்லை. வெள்ளை, முன்னால் மிக மெதுவாக ஒரு வண்டி போகிறது என்பதற்கு. ஆம்புலன்ஸாக இருக்கலாம், இழுவை வண்டியாக இருக்கலாம். இதே வெள்ளை அமெரிக்காவின் நாஸ்கார், இண்டிகார் பந்தயங்களில் கடைசிச் சுற்று என்று பொருள்படும். ஊர் மாறினால் வசவுகூட வாழ்த்தாகிவிடுகிற மாதிரி. அம்மன் கோயில் கொடி, தரை வழுக்குகிறது என்பதற்கு. ஜல்லியில் புரண்ட கார் இறைத்துவிட்டுப் போன கற்களுக்காக அதைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். பெரிய சிவப்பு ஏறினால் எல்லாம் நிற்கும். அதை எந்த போஸ்டும் தன்னிச்சையாகக் காட்ட முடியாது. கன்ட்ரோல் உத்தரவிட்டால்தான், எல்லா போஸ்டிலும் ஒரே நேரத்தில். 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட்பிரீயில், முதல் பயிற்சியிலேயே சிவப்பு ஏறியது. காரணம், தடத்துக்குள் ஓடிவந்த ஒரு தெருநாய். பெரியவர் அதைச் சொல்லும்போதுதான் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

கறுப்புக் கொடிகள் எங்கள் பையில் இல்லை. அவை தொடக்கக் கோட்டருகே, கார் எண் எழுதிய பலகையோடு காட்டப்படுபவை. முழுக் கறுப்பு என்றால் பந்தயத்தை விட்டு உள்ளே வா. பாதி கறுப்பு பாதி வெள்ளை, உன் நடத்தை சரியில்லை, இது எச்சரிக்கை. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் காரில் ஏதோ உடைந்து தொங்குகிறது, பழுது பார்க்கும் இடமான பிட்டுக்கு வந்து சரிசெய். ஃபார்முலா 1 ஓட்டுநர் கெவின் மேக்னசனுக்கு 2022-இல் மட்டும் மூன்று பந்தயங்களில் இந்த ஆரஞ்சு வட்டம் கிடைத்தது.

கறுப்பில் எனக்குப் பிடித்த கதை நைஜல் மான்செல்லுடையது. 1989 போர்ச்சுகல் பந்தயத்தில், பிட் பாதையில் காரைப் பின்னோக்கி ஓட்டியதற்காகக் கறுப்புக் கொடி காட்டினார்கள். மூன்று சுற்று காட்டினார்கள். அவர் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அயர்டன் சென்னாவோடு மோதி இருவரும் வெளியே. வெயில் கண்ணில் அடித்தது, கொடி தெரியவில்லை என்றார். 50,000 டாலர் அபராதம், அடுத்த பந்தயத்துக்குத் தடை. சாக்கு என்று சிரிக்கலாம். ஆனால் அன்று மாலை நாலரை மணிக்கு எங்கள் போஸ்டில் சூரியன் நேர் எதிரே இறங்கியபோது, நின்ற இடத்திலிருந்தே எனக்கு அடுத்த போஸ்டின் பச்சை தெரியவில்லை. மான்செல் சொன்னதில் கால்வாசியாவது உண்மையாக இருக்கும்.

இதனால்தான் பெரிய தடங்களில் இப்போது விளக்குப் பலகைகளும் கார்த் திரைகளும் வந்துவிட்டன. நல்லதுதான், மழையிலும் இரவிலும் துணி எங்கே தெரியும்? ஆனால் மின்சாரமும் பிழை செய்யும். 2019 ஜப்பான் பந்தயத்தில் முடிவுக் குறியீடு பலகையில் ஒரு சுற்று முன்பாகவே எரிந்துவிட்டது. 53 சுற்று போக வேண்டியது, 52-ஆவது சுற்றின் வரிசைப்படி முடிவை அறிவித்தார்கள். கடைசிச் சுற்றில் மோதி வெளியேறிய செர்ஜியோ பெரஸுக்கு அன்றைய முடிவில் புள்ளியோடு ஒன்பதாம் இடம்! அடுத்த ஆண்டிலிருந்து, பந்தயம் முடிந்தது என்பதற்குத் துணிக்கொடியே அதிகாரபூர்வச் சின்னம் என்று பழையபடி மாற்றிவிட்டார்கள்.

துணிதான் உத்தமம் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கட்டம் போட்ட கொடியைப் பிரபலங்கள் கையில் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே! 2002 பிரேசில் பந்தயத்தில் கால்பந்து மன்னர் பெலேயிடம் கொடுத்தார்கள். வென்ற மைக்கேல் ஷூமாக்கர் கோட்டைக் கடந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 2018 கனடாவில் மாடல் அழகி வின்னி ஹார்லோ ஒரு சுற்று முன்பாகவே ஆட்டிவிட்டார். 70 சுற்றுப் பந்தயத்தின் முடிவை 68-ஆவது சுற்றோடு கணக்கிட்டார்கள். அவர் மேல் பழியில்லை, பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைத்தான் செய்தார். 1906-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தின் புகைப்படத்திலேயே இந்தக் கட்டக் கொடி இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்த ஒரே கொடி.

ஐந்து மணிக்குக் கடைசிப் பந்தயம். முடிந்தது எங்கள் போஸ்டில் யாருக்கும் கண்ணால் தெரியவில்லை. தொடக்கக் கோடு வளைவுகளுக்கு அப்பால். கார்களின் சத்தம் தாழ்ந்தது, அவ்வளவுதான். வாக்கி-டாக்கியில் ஒரு வரி வந்தது.

"நீ கட்டக் கொடியைப் பக்கத்துல பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"டிவியில பார்த்திருக்கேன் சார்."

அதற்குள் கார்கள் திரும்பும் சுற்றில் மெதுவாக வரத் தொடங்கின. அவளும் நீலக்கொடி இளைஞரும் பையிலிருந்த கொடிகளை ஆளுக்கு இரண்டாக எடுத்துத் தடுப்பின் மேல் சாய்ந்து சும்மா ஆட்டினார்கள். இந்த ஒரு சுற்றில் கொடிக்கு அர்த்தம் கிடையாதாம். ஒவ்வொரு காரும் எங்களைக் கடக்கும்போது உள்ளேயிருந்து ஒரு கையுறை மேலே எழுந்து இறங்கியது. மதியம் காலைத் தூக்காமல் போன அந்தக் காரின் ஓட்டுநரும் கையைத் தூக்கினார். பெரியவர் அவருக்கும் பதிலுக்குக் கை காட்டிவிட்டு, கொடிகளை ஏழு என்று எண்ணிப் பையில் வைத்துக் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, டி-ஷர்ட்டைத் துவைத்துத்தான் தர வேண்டும் என்றார்.